பஞ்சு போக மிஞ்சும் பருத்தி: கொட்டையிலும் மாரிலும் விவசாயிக்குக் காசு உண்டா?

கேள்வி இதுதான்: "பருத்தியில் பஞ்சு மட்டும்தான் காசு என்று இருந்தோம். கொட்டை, எண்ணெய், புண்ணாக்கு, செடியின் தண்டு என்று மற்றதையும் விற்றால் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள சிறு விவசாயிகளின் வருமானம் நன்றாகக் கூடும் என்கிறார்கள். இது நடக்கிற காரியமா, திட்ட அறிக்கையோடு நிற்கிற பேச்சா? ஒரு விவசாயிகள் குழு இறங்குவதென்றால் எதில் தொடங்கலாம்?"

நடக்கிற காரியம்தான். ஆனால் அறிக்கைகள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. பருத்தியை எடை போட்டுக் கொடுத்த நிமிடமே கொட்டையும் கைமாறிவிடுகிறது. எண்ணெய், புண்ணாக்கு, கொட்டையில் ஒட்டிய குறும்பஞ்சு எல்லாம் அதற்குப் பிறகு, வேறொருவருடைய ஆலையில் வருபவை. விற்ற பிறகும் விவசாயியின் நிலத்தில் அவருக்கென்று நிற்பது பருத்திமார், அதாவது காய்ந்த செடித்தண்டு, ஒன்றுதான். ஆகவே என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடும் முன்னால், அது செய்யப்படும் நேரத்தில் சரக்கு யாருடையது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் எதுவும் ஆலைக்காரருக்குத்தான் வருமானத் திட்டம்.

முதலில் கணக்கு. நூறு கிலோ பருத்தியை, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லில் அரைத்தால் ஏறக்குறைய 34 கிலோ பஞ்சும் 63, 64 கிலோ கொட்டையும் வரும். மிச்சம் இலைத்தூள், தூசி, ஈரம். எடையில் பார்த்தால் விவசாயி விளைவிப்பது பெரும்பாலும் கொட்டையைத்தான். பண மதிப்பில் இது தலைகீழாகும். எடுத்துக்காட்டுக்கு ஒரு விலை வைத்துக்கொள்வோம்: பஞ்சு கிலோ 155 ரூபாய், கொட்டை கிலோ 34 ரூபாய். ஒரு குவிண்டால் பருத்தியிலிருந்து பஞ்சுக்கு 5,270 ரூபாய், கொட்டைக்கு 2,176 ரூபாய், மொத்தம் 7,446. அரவைக் கூலியும் வியாபாரியின் லாபமும் போக விவசாயிக்கு ஏழாயிரத்துச் சொச்சம் நிற்கும். நடுத்தர இழைப் பருத்திக்கு 2024-25 பருவத்தில் இந்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 7,121 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், கணக்கு எங்கே நிற்கிறது என்று புரியும். நூறு ரூபாயில் எழுபது பஞ்சுடையது, முப்பது கொட்டையுடையது.

அந்த முப்பது ரூபாய் விவசாயிக்கு வருகிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலும் குஜராத்திலும் வருகிறது. ஜின்னிங் மில்காரர் பருத்தி ஏலத்துக்கு வரும்போது பஞ்சு விலையோடு "சர்க்கி" விலையையும் மனத்தில் போட்டுத்தான் கேட்கிறார். பருத்திக்கொட்டைக்கு அங்கே அதுதான் பெயர். அகோலாவை மையமாக வைத்துப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்குக்கு முன்பேர வணிகமே நடக்கிறது. புண்ணாக்கு ஏறினால் கொட்டை ஏறும், கொட்டை ஏறினால் அந்த வாரமே பருத்தி விலையிலும் கொஞ்சம் தெரியும். பல மில்கள் போட்டி போட்டு வாங்கும் சந்தையில் விவசாயி கொட்டையை இலவசமாகக் கொடுப்பதில்லை. "கொட்டையின் பணம் விவசாயிக்குப் போய்ச் சேர்வதே இல்லை" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்கள் இந்தச் சந்தைகளைப் பார்க்காதவர்கள். எடையிலும் ஈரக் கழிவிலும் அவர் ஏமாறுவது வேறு கதை.

மேற்கு ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. மாலியை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கே சிக்காசோ, குட்டியாலா வட்டாரங்கள் பருத்திப் பூமி. அங்கே 1974-இல் தொடங்கிய சிஎம்டிடி என்ற நிறுவனம்தான் உரம், விதை, மருந்தைக் கடனாகக் கொடுக்கிறது. பருத்தியை வாங்குவதும் அதுதான், அரைப்பதும் அதுதான். பருவத்துக்கு ஒரே விலை, நாடு முழுவதும் அதே விலை. கடனைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். கொட்டையில் ஒரு பகுதி அடுத்த விதைப்புக்கு விதையாகத் திரும்பும், மீதி எண்ணெய் ஆலைகளுக்குப் போகும். கொட்டையின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அது நிறுவனத்தின் கணக்கேட்டில்தான் தெரியும், சந்தை நாளில் விவசாயிக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கவும் முடியாது. வங்கி எட்டிப் பார்க்காத கிராமங்களில் உரக் கடன் வருவதற்கு இதுதான் வழி. ஆனால் கோபம் இல்லாமலும் இல்லை. 2000-இல் மாலி விவசாயிகள் பெருமளவில் பருத்தி விதைக்கவே மறுத்து, அந்த ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய பாதியாக விழுந்தது.

அங்கே கொட்டை விவசாயியைத் தொடுவது வேறு வழியில். உழவு மாடுகள். மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் மேய்ச்சல் நிலம் வறண்டு மாடு எலும்பும் தோலுமாகக் கிடக்கும். சில வாரங்களில் அதே மாட்டை ஏரில் பூட்ட வேண்டும். அப்போது அதைத் தேற்றி எழுப்புவது பருத்திக்கொட்டைப் புண்ணாக்குதான். ஜனவரியில் கொட்டையோடு பருத்தியை விற்றவர், மே மாதம் தன் கொட்டையின் புண்ணாக்கையே வியாபாரியிடம் உச்ச விலைக்கு வாங்குகிறார். எண்ணெய் ஆலை கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன். பருத்தி கொடுக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு பங்குப் புண்ணாக்கு, அறுவடைக் காலத்து விலையில், கிராமக் கூட்டுறவுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. பல இடங்களில் ஒரு சிறு ஆலையைவிட இதில் விவசாயிக்கு ஆதாயம் அதிகம்.

சரி, கொட்டைக்குள் என்னதான் இருக்கிறது? முறையாகப் பிரித்தால் நூறு கிலோ கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு, அதாவது லிண்டர், எட்டுக் கிலோ வரும். தோல் 25 கிலோவுக்கு மேல். எண்ணெய் 16 முதல் 18 கிலோ. புரதம் 40 சதவீதம் அளவுள்ள பிண்ணாக்கு நாற்பது கிலோவுக்கு மேல். இந்தியாவில் பெரும்பாலான ஆலைகள் இப்படிப் பிரிப்பதில்லை. தோலும் குறும்பஞ்சுமாகக் கொட்டையை அப்படியே எக்ஸ்பெல்லரில் போட்டுப் பிழிகிறார்கள். எண்ணெய் 12 கிலோ கிடைத்தால் உண்டு. மற்றதெல்லாம் புண்ணாக்கு.

நாட்டில் ஆண்டுக்கு ஒரு கோடி டன் அளவுக்குக் கொட்டை வருகிறது. நூற்றுக்கு நாலு கிலோ எண்ணெய் விட்டுப்போனால் நாலு லட்சம் டன். தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது அநியாயம் என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிறகும் ஆலைகள் ஏன் மாறவில்லை? மாடு வைத்திருப்பவர்கள் விரும்பவில்லை. எண்ணெய்ப் பசையும் தோலும் உள்ள பழைய புண்ணாக்கைத்தான் கறவை மாட்டுக்குத் தேடி வாங்குகிறார்கள். அதில் தங்கிப்போகும் எண்ணெய் வீணாகவில்லை, பாலின் கொழுப்பில் ஏறுகிறது என்பது அவர்கள் அனுபவம். தோல் நீக்கிய பிண்ணாக்குக்குப் புரதம் இரட்டிப்பாக இருந்தாலும் அதற்கேற்ற விலை கிராமத்தில் கிடைப்பதில்லை. கூடவே நாலைந்து புது இயந்திரங்களுக்கு முதலீடு வேண்டும். ஆலைக்காரர் அறியாமையால் பழைய முறையில் நிற்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் நிற்கிறார்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மரச்செக்கு எண்ணெய்க்கு இப்போது நல்ல மவுசு இருப்பதால், "பருத்திக்கொட்டையையும் செக்கில் ஆட்டி விற்கலாமே" என்று கேட்கிறார்கள். கூடாது. எள், கடலை மாதிரி பிழிந்ததும் உண்ணக்கூடிய எண்ணெய் இல்லை இது. கொட்டைக்குள் கோசிப்பால் என்ற நஞ்சு இருக்கிறது. சுத்திகரிக்காத எண்ணெய் கருஞ்சிவப்பாக வருவதற்கும் அதுதான் காரணம். காஸ்டிக் சோடா விட்டுச் சுத்திகரித்து, நிறமும் வாடையும் நீக்கிய பிறகுதான் அது குஜராத்து ஃபர்சான் (காரப் பலகாரம்) கடைகளில் பொரிக்கும் வெளிறிய கபாசியா எண்ணெய் ஆகிறது. சுத்திகரிப்பில் பிரியும் கசடு சோப்புக்குப் போகும். ஆகவே எண்ணெய் என்பது கிராமத்துச் சிறுதொழில் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தோடு பெரிய அளவில் நடந்தால்தான் கட்டுப்படியாகும். மாலியில் சிறு ஆலைகள் முளைத்த காலத்தில் அரைகுறையாகச் சுத்தம் செய்த எண்ணெய் சந்தைக்கு வந்ததுதான் பெரிய தலைவலியாக இருந்தது.

கோசிப்பாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருக்கு எதைத் தீனியாகப் போடலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வளர்ந்த மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் முன்வயிறு இந்த நஞ்சைக் கட்டிப்போட்டுவிடும். அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பன்றிக்கும் கோழிக்கும் ஆகாது. முட்டைக் கோழிக்குப் பருத்திப் பிண்ணாக்கு அதிகமாகப் போனால் மஞ்சள் கரு ஒரு மாதிரி பாசிப் பச்சையாகும், எடுத்து வைத்த முட்டையின் வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாகும். வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்து கடையில் வைத்துவிடுவார். சீனாவில் 1970-களில் இதே கோசிப்பாலை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்கு விந்து உற்பத்தி திரும்பவே இல்லை. கைவிட்டார்கள்.

இந்த நஞ்சைச் செடியிலேயே அடக்கும் முயற்சி ஒன்று வெற்றி பெற்றிருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ராத்தோர் என்ற இந்திய விஞ்ஞானியின் குழு, விதையில் மட்டும் கோசிப்பால் மிகக் குறைந்த அளவில் இருக்கும் பருத்தியை உருவாக்கியது. இலையிலும் தண்டிலும் நஞ்சு அப்படியே இருக்கும், பூச்சியைத் தடுக்க அது வேண்டுமே. அமெரிக்க வேளாண் துறை 2018-இல் பயிரிட அனுமதித்தது. அடுத்த ஆண்டு உணவு, மருந்து நிர்வாகம் மனிதர்கள் உண்ணவும் பச்சைக்கொடி காட்டியது. கொட்டையில் இருபது சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பதால் கோழிக்கும் மீனுக்கும் மனிதருக்கும் அது உணவாகலாம் என்பது நம்பிக்கை. ஆனால் இது மரபணு மாற்றப் பயிர். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அனுமதிக்க வேண்டும். அப்புறம் அந்தக் கொட்டை சாதாரணக் கொட்டையோடு கலந்துவிடாமல் வயலிலிருந்து ஆலை வரை பிரித்துக் காக்க வேண்டும். நான்கு ஏக்கர்க்காரர்கள் ஆயிரம் பேர் ஒரே மில்லுக்குக் கொடுக்கும் நாடுகளில் இது லேசில் நடக்காது. இதை நம்பி இப்போது யாரும் திட்டம் போட வேண்டாம்.

லிண்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது கிட்டத்தட்ட தூய செல்லுலோஸ். நல்ல காகிதம், மருந்துக்கும் உணவுக்கும் சேர்க்கும் செல்லுலோஸ் வகைகள், மெத்தை, கடைசியில் வெடிமருந்து வரை போகிறது. கொட்டையிலிருந்து அதைச் சுரண்டி எடுக்கப் பல இயந்திரங்கள் வரிசையாக வேண்டும், வாங்குபவர்கள் ஒரு சிலரே. விவசாயிகள் குழுவுக்கு இதில் வேலை இல்லை. மருத்துவப் பஞ்சு கொஞ்சம் பரவாயில்லை. தான்சானியா, உகாண்டா, சாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளில் ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பு நடத்திய துணைப்பொருள் திட்டத்திலும் மருத்துவப் பஞ்சு பேசப்பட்டது. பருத்தி விளையும் நாடே மருத்துவமனைப் பஞ்சை இறக்குமதி செய்வது வேடிக்கைதான். ஆனால் இதற்கு அதிகம் பயன்படுவது குறுகிய இழைப் பஞ்சும் நூற்பாலையில் சீவும்போது விழும் கழிவும். அதாவது பக்கத்தில் நூற்பாலை வேண்டும், தண்ணீர் வேண்டும், அரசு மருத்துவமனை வாங்கும் உறுதி வேண்டும். இராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரம் கட்டுத்துணிக்குப் பேர் வாங்கியதற்குச் சுற்றிலும் ஆலைகளும் தறிகளும் கைப்பழக்கமும் இருந்ததுதான் காரணம். பருத்தி வயல் மட்டும் இருந்தால் அது வந்துவிடாது.

இனி பருத்திமார். நம் கரிசல் காட்டில் சம்சாரி வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. விதர்பாவில் "பராட்டி" என்பார்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு ஆள் பிடித்துப் பிடுங்கிக் குவித்துத் தீ வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஹெக்டேருக்கு இரண்டரை முதல் மூன்று டன், ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் காய்ந்த மார் கிடைக்கும். இந்தியா முழுவதும் சேர்த்தால் சுமார் மூன்று கோடி டன். கிலோவுக்கு நாலாயிரம் கிலோகலோரிக்குப் பக்கமான வெப்பம், சாம்பலும் குறைவு. சுமாரான இந்திய நிலக்கரிக்கு அது தோற்றதில்லை. தண்டின் தன்மை வைக்கோலைவிட மரத்துக்குத்தான் நெருக்கம். அதனால்தான் பலகை செய்யலாம், காகிதம் செய்யலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். மும்பையில் 1924 முதல் இயங்கும் மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக சிர்காட், மாரிலிருந்து துகள்பலகை, எரிகட்டி (அடுப்பிலும் கொதிகலனிலும் எரிக்க அழுத்திச் செய்யும் கட்டி), விரைவு உரம், காளான் என்று எல்லாவற்றையும் நாக்பூர் மையத்தில் செய்து காட்டியிருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து பயிற்சி பெற்றுப் போகிறவர்களும் பார்ப்பது இதைத்தான்.

செய்முறை எல்லாம் தயார். சிக்கல் மாரின் பருமனில் இருக்கிறது. ஒரு டிராக்டர் பெட்டி நிறைய அள்ளிப் போட்டாலும் எடை சில நூறு கிலோதான், மற்றதெல்லாம் இடைவெளிக் காற்று. இருபது கிலோமீட்டர் அப்படியே ஏற்றிப்போனால் டீசல் செலவு மாரின் விலையைத் தின்றுவிடும். ஆகவே வயலோரத்திலேயே சிப்பர் என்ற நறுக்கும் இயந்திரத்தில் துண்டாக்கி அடர்த்தியைக் கூட்டிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும். அடுத்தது ஈரம். பிடுங்கிய மாரில் பாதிக்குப் பாதி தண்ணீர். எரிகட்டி அழுத்தும் இயந்திரத்துக்குப் பத்துச் சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரம் வேண்டும். காயப்போட இடமும் வெயிலும் வேண்டும். மூன்றாவது, வரத்து முழுவதும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வந்து விழும், ஆலையோ வருடம் முழுக்க ஓட வேண்டும். மாரை மட்டும் நம்பின எரிகட்டி ஆலைகள் நிற்பது இந்த மூன்றாவதில்தான். துவரைத் தண்டு, சோயா பொட்டு, மரத்தூள் என்று கிடைத்ததைச் சேர்த்து ஓட்டுகிறவர்கள் பிழைக்கிறார்கள்.

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். நிலக்கரியோடு ஐந்து சதவீதம் பயிர்க்கழிவு உருண்டை சேர்த்து எரிக்க வேண்டும் என்று 2021-இல் ஒன்றிய மின்துறை அனல்மின் நிலையங்களுக்கு விதி வகுத்தது. பருத்திப் பூமியான விதர்பாவிலேயே சந்திரபூர், கோராடி போன்ற பெரிய அனல் நிலையங்கள் இருக்கின்றன. கொதிகலன் வைத்திருக்கும் சாய ஆலை, மருந்து ஆலை எல்லாம் எரிகட்டி வாங்குகின்றன. நாக்பூரில் சுடுகாட்டில் விறகுக்குப் பதில் இந்த எரிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சிதைக்குத் தேவையான விறகுக்கு ஒரு மரமாவது போகும் என்பதால் நல்ல மாற்றம்.

ஆனால் விவசாயிக்கு வரும் பணத்தைப் பற்றிப் பேசும்போது டன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்பது தவறு. மார் விலை டன்னுக்குச் சொற்பமாகத்தான் கிடைக்கும். ஏக்கருக்கு ஒரு டன் என்றால் அது வருமானம் என்று சொல்லும் அளவுக்கு வராது. அவருக்கு உண்மையான லாபம், செடியைப் பிடுங்கி நிலத்தைச் சுத்தம் செய்யும் கூலி மிச்சப்படுவது. ஒருவர் இயந்திரத்தோடு வந்து இலவசமாகப் பிடுங்கி எடுத்துப் போனாலே பல விவசாயிகள் சந்தோஷமாகச் சரி என்பார்கள், அது நியாயமான கணக்கும்கூட. அத்தோடு இன்னொரு லாபமும் சேரும்: இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

இந்தப் புழு பருவம் முடிந்ததும் வெடிக்காத காய்களிலும் கொட்டைக்குள்ளும் உறங்கிக் கிடந்து, அடுத்த பருவத்துப் பூவுக்குக் கிளம்பும். காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. (Bt) பருத்தி அதைக் கட்டுப்படுத்தும் வலிமையை இந்தியாவில் இழந்து பல ஆண்டுகள் ஆயிற்று. மாரைச் சீக்கிரம் அகற்றி அழிப்பதுதான் மலிவான தடுப்பு. ஜிம்பாப்வேயில் குறிப்பிட்ட தேதிக்குள் செடியை அழித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கேதான் எரிகட்டி வியாபாரமும் பயிர்ப் பாதுகாப்பும் மோதுகின்றன. ஆலைக்காரர் "குவித்து வையுங்கள், மே மாதம் வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்பார். அப்படி வயலோரம் குவித்த மாரில்தான் புழு சொகுசாக ஜூன் மழை வரை காத்திருக்கும். நாக்பூரின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் மாரைக் குவித்து வைக்காதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறது. ஆகவே ஒப்பந்தம் போட்டால், பிடுங்கிய சில நாட்களுக்குள் சிப்பர் வந்து துண்டாக்கும் என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். துண்டாக்கும்போதே புழுவில் பெரும்பகுதி நசுங்கிவிடும். இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு மாரைக் கொடுப்பதைவிட ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணிலேயே மடக்கிவிடலாம்.

மண்ணையும் மறக்கக் கூடாது. வருடா வருடம் தண்டு முழுவதையும் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தால், ஏற்கனவே கரிமச்சத்து குறைந்த மானாவாரி நிலம் இன்னும் மெலியும். சாம்பலில் சேரும் பொட்டாஷும் ஊரைவிட்டுப் போகும். மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் பெண்கள் பயிர்த் தண்டுகளின் சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுத்துச் சோப்புக்குப் பயன்படுத்துவது உண்டு. "கழிவு" என்று நாம் கணக்கில் எழுதும் பொருளுக்கு ஊரில் ஏற்கனவே ஒரு சொந்தக்காரர், பெரும்பாலும் ஒரு பெண், இருக்கலாம். ஆலை வந்து விலை வைத்ததும் அது கிடைக்காமல் போவது அவருக்குத்தான். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் எடுப்பது, அல்லது பாதி நிலத்தில் எடுத்துப் பாதியில் மடக்குவது என்பது என் யோசனை.

உரமும் காளானும் ஊருக்குள்ளேயே முடிகிற வேலைகள் என்பதால் எனக்குப் பிடித்தவை. துண்டாக்கிய மாரில் நுண்ணுயிர்க் கலவை, சாணம், கொஞ்சம் யூரியா சேர்த்து ஈரம் காத்துப் புரட்டிவிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் நல்ல மக்கு உரம். விற்கப் போக வேண்டாம், வாங்கும் உரத்தில் குறைத்துக்கொள்ளலாம். சிப்பிக்காளானுக்கு மாரை நறுக்கி ஊறவைத்து, வெந்நீரிலோ ஆவியிலோ பதப்படுத்திப் பையில் அடைக்க வேண்டும். ஒரு டன் மாரில் 300 கிலோ அளவுக்குக் காளான் எடுக்கலாம். தீர்ந்த படுகை உரக்குழிக்கு. பருத்திக்கொட்டைத் தோலில் காளான் வளர்ப்பது சீனாவில் பெரிய தொழில். இதில் எச்சரிக்கை ஒன்றுதான்: காளான் பறித்த மறுநாளே விற்றாக வேண்டும். பக்கத்தில் காளான் தின்னும் நகரம் இல்லாத ஊரில் இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்துப் படம் எடுத்துப் போகும் திட்டங்கள் ஏராளம். ஆறு மாதம் கழித்துப் போனால் பைகள் மட்டும் தொங்கும்.

எரிக்காமல் கரியாக்கி மண்ணில் இடும் பயோசார் பற்றியும் கேட்கிறார்கள். மண்ணுக்கு நல்லது. கரிமத்தை மண்ணில் கட்டிவைத்ததற்கான சான்றை விற்கும் கார்பன் கிரெடிட் நிறுவனங்கள் அதற்குக் காசு தருவதாக இப்போது வருகின்றன. கையெழுத்துப் போடும் முன், கிரெடிட் யார் பேரில் பதிவாகிறது, விவசாயியின் பங்கு எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு நிலம் கட்டுப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

உலக வர்த்தக அமைப்பில் இந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தால் உலக விலை விழுகிறது என்று 2003-இல் பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் சேர்ந்து புகார் எழுப்பின. மானியம் முற்றிலும் போகவில்லை. அந்த நாடுகளின் முயற்சியில் 2019 அக்டோபர் 7-இல் ஜெனீவாவில் முதல் உலகப் பருத்தி தினம் நடந்தது. துணைப்பொருட்களை வளர்க்கும் கூட்டுத் திட்டமும் அந்த ஆண்டுகளில்தான் வேகம் பிடித்தது. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பஞ்சுக்கு நியாய விலை கேட்டவர்களிடம் "மாரை விற்றுப் பாருங்களேன்" என்று பேச்சு திரும்பியதுபோல் இருக்கிறது. துணைப்பொருள் வருமானம் நல்லதுதான். அதைப் பஞ்சு விலைக்கு ஈடாக யாராவது காட்டினால் ஏற்காதீர்கள். எழுபது ரூபாயை விட்டுவிட்டு முப்பதைப் பற்றி மட்டும் பேசுவதாகும் அது.

சரி, ஒரு குழு எங்கே தொடங்கலாம்? இந்திய நிலையில் வைத்துச் சொல்கிறேன். கூலிக்கு அரைத்துக்கொள்வதுதான் முதல் படி. மில் கட்ட வேண்டாம். பருவக் கடைசியில் பல ஜின்னிங் மில்கள் வேலை இல்லாமல் நிற்கும். கூலி கொடுத்து அரைத்து, பஞ்சையும் கொட்டையையும் குழுவே வைத்துக்கொள்வது. ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் என்று வைத்தால் நூறு ஏக்கரில் 500 குவிண்டால் பருத்தி. அதில் 170 கிலோ பேல் (பஞ்சுப் பொதி) நூறு வரும், ஒரு லாரி லோடு. நூற்பாலையோடு நேரில் பேசுவதற்கு இந்த அளவு வேண்டும். கொட்டை 32 டன் வரும். சூரத் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் 1919-லிருந்தே செய்துவரும் முறை இதற்குப் பக்கத்தில் வரும்: எல்லோருடைய பருத்தியையும் தரவாரியாகச் சேர்த்து, விற்ற பிறகு இறுதி விலையைப் பிரிப்பது. இதில் பயம் இரண்டு. விற்கும் வரை விவசாயிக்கு முன்பணம் கொடுக்கக் குழுவிடம் காசு வேண்டும். காத்திருக்கும்போது விலை விழுந்தால் நட்டம் குழுவுடையது. மகாராஷ்டிர அரசு 1972-இல் தொடங்கிய ஏகபோகக் கொள்முதல் திட்டம் இந்த இரண்டாவது பள்ளத்தில்தான் கடைசியில் விழுந்தது. அதனால் முதல் பருவத்தில் ஒவ்வொருவரும் தன் பருத்தியில் கால்பங்கை மட்டும் குழுவுக்குக் கொடுத்தால் போதும்; அப்படியானால் அதே ஒரு லாரி லோடு சேர நானூறு ஏக்கர் வேண்டும்.

அந்த 32 டன் கொட்டையை எண்ணெயாக்க நினைக்காமல் ஆலையில் கொடுத்துப் புண்ணாக்காகத் திருப்பி வாங்கப் பேசுங்கள், எண்ணெய் ஆலைக்கு, புண்ணாக்கு உங்களுக்கு, வித்தியாசம் பணமாக. 27 டன் புண்ணாக்கு வரும். கறவை மாட்டுக்கு நாளைக்கு இரண்டு கிலோ என்றால் 45 மாட்டுக்குப் பால் கறக்கும் முந்நூறு நாளும் போதும். கடையில் வாங்கும் புண்ணாக்கில் கலப்படம் சாதாரணம் என்பதால், தன் கொட்டையின் புண்ணாக்கு என்று தெரிந்து போடுவதே லாபம். பருத்திப் பணம் வருடத்துக்கு ஒருமுறை, பால் பணம் பத்து நாளைக்கு ஒருமுறை. புண்ணாக்கை மட்டும் ஈரம் படாமல் பலகை மேல் அடுக்கி வையுங்கள், பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பாலில் இறங்கும்.

மாருக்கு ஒரு சிப்பர். குழுவுக்கு ஒன்று வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். எரிகட்டி ஆலை இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் துண்டாக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் உரக்குழி. ஆலைக்காரரோடு பேசும்போது எடை எங்கே போடப்படும், எந்த ஈரத்தில் கணக்கு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பச்சை மாரை வயலில் எடை போட்டுக் காய்ந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் ஆலை கிடையாது. காய்ந்த மாரைப் பச்சை விலைக்குக் கேட்கிற ஆலை நிறைய உண்டு.